பெரிசைட் செத்த பிறகு சுகரைக் குறைத்தால் விழித்திரை தேறுமா?

பொருநைக்கரை எழுதியது:

அம்மாவுக்குச் சர்க்கரை வந்து பல வருஷம் ஆகிறது. எச்பிஏ1சி, அதாவது சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவு, ரொம்ப நாள் 9-க்கு மேலேயே கிடந்தது. இந்த வருஷம்தான் மருந்தை மாற்றி, சாப்பாட்டை ஒழுங்குபடுத்தி 7.1-க்குக் கொண்டுவந்தோம். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அந்த நேரம் பார்த்துக் கண் பரிசோதனையில், விழித்திரையில் மைக்ரோஅனூரிசம் (தந்துகிச் சுவரில் சின்னப் புடைப்பு) நிறைய இருக்கிறது, அங்கங்கே புள்ளி புள்ளியாக ரத்தக் கசிவு, மிதமான நிலை டயபெடிக் ரெட்டினோபதி (சர்க்கரையால் வரும் விழித்திரை நோய்) என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். போன தடவை பார்த்ததைவிட இப்போது கூடியிருக்கிறதாம். சுகர் இறங்கிய பிறகு இது ஏன் கூட வேண்டும் என்று கேட்டேன். "பழைய பாதிப்பு, அது தன் வேலையைக் காட்டத்தான் செய்யும்" என்றார் டாக்டர். வெளியே கூட்டம் காத்திருந்தது, அதற்கு மேல் கேட்க முடியவில்லை.

நான் பள்ளியில் உயிரியல் எடுக்கிறேன், அதனால் விடாமல் உட்கார்ந்து படித்தேன். தந்துகியின் உள்சுவர் எண்டோதீலியல் செல், அதை வெளியிலிருந்து கட்டிப் பிடித்திருப்பது பெரிசைட், சர்க்கரை நோயில் முதலில் சாவது பெரிசைட் என்கிற வரைக்கும் புரிந்தது. அதற்கப்புறம்தான் குழப்பம். ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை நேரடியாகத் தொடுவது எண்டோதீலியல் செல்தானே, வெளியில் இருக்கிற பெரிசைட் ஏன் முதலில் சாகிறது? அது செத்தால் உள்ளே இருக்கிற செல்லுக்கு என்ன நஷ்டம்? கண்ணுக்குள் போடுகிற ஊசி அந்த நஷ்டத்தைச் சரி செய்கிறதா, இல்லை கசிவை மட்டும் நிறுத்துகிறதா? விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள், படிக்கத் தயாராக இருக்கிறேன்.

செல்_கூடம் எழுதியது:

விழித்திரை ரத்தக்குழாய் செல்களை வளர்த்துச் சோதிப்பதுதான் என் வேலை. மருத்துவ ஆலோசனை நான் சொல்லக் கூடாது, செல் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

முதலில் எண்ணிக்கையைப் பாருங்கள். எலும்புத் தசையில் நூறு எண்டோதீலியல் செல்லுக்கு ஒரு பெரிசைட் இருந்தாலே பெரிது. மூளையில் மூன்றுக்கு ஒன்று என்ற அளவு. விழித்திரையில் கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்று, உடம்பிலேயே இதுதான் அதிகம். இத்தனை காவல் அங்கே தேவைப்படுவதற்குக் காரணம் ரத்தத்துக்கும் விழித்திரைக்கும் நடுவே இருக்கிற தடுப்பு. அங்கே நீர் கசிந்து தேங்கினால் பார்வை கெடும்.

பெரிசைட்டை வெறும் தாங்கு சுவர் என்று நினைத்தால் மீதிக் கதை புரியாது. இரண்டு செல்லுக்கும் நடுவில் பொதுவான ஒரு அடித்தள ஜவ்வு இருக்கிறது. அந்த ஜவ்வில் அங்கங்கே ஓட்டைகள் உண்டு. அந்த ஓட்டை வழியாக ஒன்றின் விரல் மற்றொன்றின் குழிக்குள் போய் நேரடியாகத் தொட்டுக்கொள்கிறது. தொடும் இடத்தில் என்-கேடெரின் என்ற புரதம் இரண்டையும் ஒட்டி வைக்கிறது, கனெக்சின்-43 ஆல் ஆன சின்னச் சின்ன வாசல் வழியாக அயனிகளும் சின்ன மூலக்கூறுகளும் கைமாறுகின்றன.

அதற்கு மேல் ரசாயனப் பேச்சு. எண்டோதீலியல் செல் பிடிஜிஎஃப்-பி என்ற புரதத்தைச் சுரக்கிறது. பெரிசைட்டின் மேல் இருக்கிற பிடிஜிஎஃப் ஏற்பி-பீட்டா அதை வாங்கிக்கொள்கிறது. பெரிசைட் உயிரோடு இருக்கவும், வளருகிற குழாயைப் பின்தொடர்ந்து வந்து சேரவும் இந்தச் செய்தி வேண்டும். பதிலுக்குப் பெரிசைட் ஆன்ஜியோபொயட்டின்-1 ஐச் சுரக்கிறது. அது எண்டோதீலியல் செல்லின் டை-2 ஏற்பியில் போய் உட்கார்ந்து, "பிரியாதே, பெருகாதே, பக்கத்துச் செல்லோடு ஒட்டி இரு" என்கிற நிலையில் அதை வைத்திருக்கிறது. இரண்டும் தொட்டுக்கொள்ளும்போது டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதம் விழித்துக்கொண்டு எண்டோதீலியல் செல்லின் பெருக்கத்தை அடக்கும். 1987-லேயே ஆர்லிட்ஜும் டி'அமோரும் இரண்டு செல்லையும் ஒரே தட்டில் வளர்த்துக் காட்டினார்கள்: தொட்டால் எண்டோதீலியல் செல் பெருகுவதை நிறுத்துகிறது, தொடாமல் தள்ளி வைத்தால் அந்த அடக்கம் இல்லை.

இப்போது உங்கள் முதல் கேள்வி. சர்க்கரையை முதலில் தொடுவது யார் என்பதை வைத்து இதைத் தீர்க்க முடியாது. இரண்டு செல்லுமே இன்சுலினைக் கேட்காமல் குளுக்கோஸை உள்ளே விடுகிறவை. பெரிசைட்டின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது: அது பிடிஜிஎஃப்-பி செய்தியை நம்பி உயிர் வாழ்கிறது. 2009-ல் பாஸ்டனின் ஜோஸ்லின் மையத்தில் ஜார்ஜ் கிங் குழு நேச்சர் மெடிசின் இதழில் காட்டியது இதைத்தான். அதிகச் சர்க்கரையில் பிகேசி-டெல்ட்டா என்ற நொதி தூண்டப்படுகிறது, அது எஸ்எச்பி-1 என்ற இன்னொரு நொதியைக் கூட்டுகிறது, எஸ்எச்பி-1 போய் பிடிஜிஎஃப் ஏற்பியின் பாஸ்பேட்டைக் கழற்றி விடுகிறது. எண்டோதீலியல் செல் செய்தி அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது, பெரிசைட்டுக்குக் காது கேட்கவில்லை. கேட்காத பெரிசைட் தன்னைத்தானே முடித்துக்கொள்கிறது.

உங்கள் அம்மாவின் நிலைமைக்கு நேராக வருகிற பகுதியும் அதே கட்டுரையில் இருக்கிறது. சர்க்கரை நோய் வந்த எலிகளுக்கு இன்சுலின் கொடுத்துச் சர்க்கரையைச் சாதாரண அளவுக்குக் கொண்டுவந்தார்கள். ஆனாலும் விழித்திரையில் பிகேசி-டெல்ட்டாவின் வேகம் இறங்கவில்லை, செல் இல்லாத வெற்றுத் தந்துகிகளின் எண்ணிக்கையும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பிகேசி-டெல்ட்டா மரபணுவே இல்லாத எலிகளுக்குச் சர்க்கரை வந்தபோது இந்தச் சேதம் வரவில்லை.

இதற்கு ரொம்ப முன்னாலேயே, 1987-ல், எங்கர்மேனும் கெர்னும் நாய்களில் பார்த்தார்கள். இரண்டரை வருஷம் கட்டுப்பாடு இல்லாத சர்க்கரை, அப்புறம் இரண்டரை வருஷம் நல்ல கட்டுப்பாடு. முதல் பாதி முடிந்தபோது கண்ணில் பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டாம் பாதியில், சர்க்கரை ஒழுங்காக இருந்த காலத்தில், ரெட்டினோபதி வளர்ந்தது. உங்கள் டாக்டர் ஒரே வரியில் சொன்னதற்கு அடியில் இருப்பது இதுதான்.

செத்த பெரிசைட் என்ன ஆகிறது என்று கண்ணால் பார்க்க ஒரு பழைய முறை இருக்கிறது. குவபாராவும் கோகனும் 1960-ல் எழுதி வைத்தது, இன்றைக்கும் எங்கள் கூடத்தில் செய்கிறோம். ஃபார்மலினில் ஊறிய விழித்திரையை டிரிப்சினில் போட்டு வைத்தால் நரம்புத் திசு கரைந்து இளகிவிடும். மெல்லிய தூரிகையால் தண்ணீரில் அலசி அலசி எடுத்தால், கடைசியில் ரத்தக்குழாய் வலை மட்டும் கண்ணாடிச் சில்லில் விரித்துப் போட்ட மாதிரி மிஞ்சும். கை கொஞ்சம் அவசரப்பட்டாலும் வலை கிழியும். சாயம் ஏற்றிப் பார்த்தால் எண்டோதீலியல் செல்லின் கரு நீளமாக, வெளிறிப்போய், குழாயின் திசையிலேயே படுத்திருக்கும். பெரிசைட்டின் கரு உருண்டையாக, கருப்பாக, சுவரிலிருந்து வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். சர்க்கரை நோயாளியின் கண்ணில் அந்தக் கருப்பு உருண்டை இருந்த இடத்தில் ஜவ்வில் ஒரு வெற்றுப் பை மட்டும் இருக்கும். உறை இருக்கிறது, ஆள் இல்லை. கோகன், டூசான், குவபாரா மூவரும் 1961-ல் இதைச் சர்க்கரை நோயின் அடையாளமாக முதலில் சொன்னார்கள். அந்தப் பை தானாக மறுபடி நிரம்புவதை நான் பார்த்ததில்லை.

விழித்திரை_அறை எழுதியது:

நான் விழித்திரைப் பிரிவில் பயிற்சியில் இருக்கும் கண் மருத்துவர். மேலே எழுதியவர் செல்லைச் சொல்லிவிட்டார், நான் அது கண்ணில் எப்படித் தெரிகிறது என்பதிலிருந்து தொடர்கிறேன்.

பெரிசைட் போன இடத்தில் சுவர் பலவீனமாகி, உள்ளிருக்கும் அழுத்தத்தில் பக்கவாட்டில் புடைக்கும். அடக்க ஆள் இல்லாததால் எண்டோதீலியல் செல்லும் அந்தப் புடைப்பில் பெருகும். அதுதான் மைக்ரோஅனூரிசம். ஃப்ளூரசீன் சாயம் ஏற்றிப் படம் எடுத்தால் கருப்புப் பின்னணியில் வெள்ளைப் புள்ளிகளாக மின்னும், சில நிமிஷம் கழித்துப் பார்த்தால் அதே புள்ளிகளின் ஓரம் மங்கிப் படர ஆரம்பிக்கும். மின்னுவது புடைப்பு, படர்வது கசிவு. இரண்டும் ஒன்றல்ல, எல்லா மைக்ரோஅனூரிசமும் கசிவதில்லை.

அடுத்த கட்டத்தில் எண்டோதீலியல் செல்லும் சாகிறது. வெள்ளணுக்கள் ஒட்டிக்கொண்டு தந்துகியை அடைப்பதும் சேர்ந்துகொள்ளும். செல் எதுவும் இல்லாத குழாயில் ரத்தம் ஓடாது. ரத்தம் போகாத விழித்திரைப் பகுதி ஆக்சிஜன் கேட்டு விஇஜிஎஃப் என்ற வளர்ச்சிப் புரதத்தைக் கொட்டும். அதில் பெரும்பங்கு வருவது முல்லர் செல்லிலிருந்து. விழித்திரையின் முழுத் தடிமனுக்கும் நீண்டு நிற்கிற தாங்கு செல் அது, இந்தப் பேச்சில் அதை விட்டுவிடக் கூடாது. விஇஜிஎஃப் இரண்டு வேலை செய்கிறது. எண்டோதீலியல் செல்களை இறுக்கித் தைத்திருக்கிற ஆக்லூடின் மாதிரிப் புரதங்களைத் தளர்த்தி நீரைக் கசிய விடுகிறது. அது விழித்திரையின் நடுவில் இருக்கிற மாக்குலாவில் தேங்கினால் எழுத்து கலங்கும், கோடு வளையும். அப்புறம் புதுக் குழாய்களை முளைக்க வைக்கிறது. அந்தப் புதுக் குழாய்களில் பெரிசைட் சரியாக வந்து சேர்ந்திருக்காது, ஆகவே எளிதில் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டும். ஐயெல்லோ குழு 1994-ல் நோயாளிகளின் கண் திரவத்தில் விஇஜிஎஃப்பை அளந்து காட்டிய பிறகுதான் இன்றைய ஊசிகளுக்குப் பாதை திறந்தது.

ஊசி என்ன செய்கிறது? ரனிபிஸுமாப், அஃப்லிபர்செப்ட், பெவசிஸுமாப் எல்லாமே விஇஜிஎஃப்பைப் பிடித்துக் கட்டுகிறவை. கசிவு குறைகிறது, மாக்குலா வீக்கம் வற்றுகிறது, பார்வை நன்றாகவே மேலே வருகிறது. இதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. முன்பு லேசரால் இருக்கிற பார்வையைத் தக்க வைத்தாலே பெரிது என்று இருந்தோம், ஊசி வந்த பிறகுதான் இழந்த வரிகளைத் திரும்பப் படிக்கிற நோயாளிகளைப் பார்க்கிறோம். ஆனால் வெற்றுப் பையில் ஊசி பெரிசைட்டைக் கொண்டுவந்து வைக்காது. மருந்தின் வேகம் தீர்ந்தால், கீழே ரத்தம் ஓடாத இடம் அப்படியே இருப்பதால், விஇஜிஎஃப் மறுபடி ஏறும். திரும்பத் திரும்பப் போட வேண்டி வருவது அதனால்தான்.

அப்படியானால் உங்கள் அம்மாவின் நிலையிலேயே, மாக்குலா வீக்கம் வருவதற்கு முன்னாலேயே ஊசி போட்டு வைத்தால் என்ன என்று தோன்றும். அமெரிக்காவில் புரோட்டோகால் டபிள்யூ என்ற ஆய்வு இதைத்தான் சோதித்தது. புதுக் குழாய் முளைக்கிற பெருக்க நிலைக்கு வராத, ஆனால் மிதத்துக்கும் கடுமைக்கும் இடைப்பட்ட கண்களில் அஃப்லிபர்செப்ட் ஒரு பக்கம், மருந்தில்லாத பாவனை ஊசி ஒரு பக்கம். நாலு வருஷத்தில் பெருக்க நிலையோ பார்வையைக் கெடுக்கிற வீக்கமோ வந்தது ஊசி போட்ட கண்களில் 34 சதவீதம், போடாதவற்றில் 57 சதவீதம். பெரிய வித்தியாசம். ஆனால் பார்வை அளவில் இரண்டு பக்கமும் ஒன்றுதான், ஏனென்றால் போடாதவர்களுக்குச் சிக்கல் வந்த உடனே சிகிச்சை கொடுத்துவிட்டார்கள். அதனால் இந்த நிலையில் பொதுவாக ஊசியை ஆரம்பிப்பதில்லை, ஒழுங்காக வந்து காட்டச் சொல்கிறோம். "ஒழுங்காக வருவது" என்பதுதான் நம் ஊரில் கஷ்டம். பார்வை நன்றாக இருக்கும்போது எதற்குப் பரிசோதனை என்று வராமல் இருந்துவிட்டு, ரத்தம் கொட்டிய பிறகு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படும். சென்னையில் நடந்த க்யூர்ஸ் ஆய்வில் சர்க்கரை உள்ளவர்களில் 17.6 சதவீதம் பேருக்கு ரெட்டினோபதி இருந்தது. ஆரம்ப நிலையில் அவர்களுக்குத் தானாகத் தெரிய வழியே இல்லை.

மூன்றாம்_அடுக்கு எழுதியது:

நான் நரம்பு உயிரியல் பக்கம். மேலே இரண்டு பதிலும் நல்ல பதில்கள், ஆனால் பெரிசைட் செத்ததுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம் என்ற தொனி வருகிறது, அதை நான் ஏற்கவில்லை.

2017-ல் தென்கொரியக் குழு ஒன்று நேச்சர் கம்யூனிகேஷன்ஸில் எழுதியதைப் பாருங்கள். எலிக்குட்டியின் வளரும் விழித்திரையில் பெரிசைட்டை அகற்றினால் ரெட்டினோபதியின் கோலம் முழுக்க வந்துவிடுகிறது. வளர்ந்த எலியில் அகற்றினால் தடுப்பு உடனே உடையவில்லை. ஆனால் அந்த எலிக்கு விஇஜிஎஃப் கொடுத்தால், சாதாரண எலி தாங்கிக்கொள்கிற அதே அளவுக்கு இது தாங்காமல் கசிகிறது. அதாவது பெரிசைட் இல்லாமல் போவது மட்டும் போதாது, மேலே ஒரு அடி விழ வேண்டும். அந்த அடி எங்கிருந்து வருகிறது? முல்லர் செல்லிலிருந்தும், அழற்சிச் செய்திகளிலிருந்தும், பசியில் கிடக்கிற நரம்பு செல்களிலிருந்தும். சர்க்கரை நோயாளிகளில் ஒரு மைக்ரோஅனூரிசம்கூடத் தெரியாத காலத்திலேயே விழித்திரையின் மின் பதிவில் அலைகள் தாமதமாவதைக் காட்டியிருக்கிறார்கள். குழாய் கெடும் முன்பே நரம்பு தடுமாறுகிறது என்றால், குழாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதுமா?

முல்லர் செல்லின் பங்கையும் விஇஜிஎஃப் சுரப்பதோடு நிறுத்திவிட வேண்டாம். விழித்திரையிலிருந்து நீரையும் பொட்டாசியத்தையும் இழுத்து ரத்தத்துக்குள் தள்ளுவது அதன் அன்றாட வேலை. சர்க்கரை நோயில் அதன் பொட்டாசியம் வாசல், கேஐஆர் 4.1, குழாயை ஒட்டிய இடத்திலிருந்து குறைந்துவிடுகிறது. கசிந்து வருவது ஒரு பக்கம், வடிகால் அடைபடுவது ஒரு பக்கம், இரண்டும் சேர்ந்துதான் மாக்குலா வீங்குகிறது.

இன்னொன்று, தட்டில் வளர்க்கும் செல்லைப் பற்றி. வழக்கமாக "அதிகச் சர்க்கரை" என்று வைப்பது 25 மில்லிமோலார், அதாவது டெசிலிட்டருக்கு 450 மில்லிகிராம், நாள் கணக்கில் மாறாமல். எந்த மனுஷனின் ரத்தமும் அப்படி இருப்பதில்லை. ஏறி இறங்குகிற சர்க்கரையில் செல்லின் நடத்தை வேறு.

பெரிசைட் எப்போதும் நம் பக்கம் நிற்கும் என்றும் சொல்ல முடியாது. முதுமையில் வருகிற ஈர வகை மாக்குலா நோயில் ஒரு யோசனை வந்தது: புதுக் குழாயைப் பெரிசைட் மூடிக் காப்பதால்தான் விஇஜிஎஃப் ஊசிக்கு அது மசிவதில்லை, பிடிஜிஎஃப்-பியைத் தடுத்தால் பெரிசைட் உதிர்ந்து குழாய் சுருங்கும் என்று. ஃபோவிஸ்டா என்ற மருந்தை அதற்காகவே செய்தார்கள். இரண்டாம் கட்டச் சோதனை நம்பிக்கை தந்தது. 2016 டிசம்பரில் மூன்றாம் கட்டத்தில் ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டது. இரண்டு செல்களின் உறவு ஏட்டில் இருக்கிற அளவுக்கு நேர்க்கோடாக இல்லை.

செல்_கூடம் எழுதியது:

@மூன்றாம்_அடுக்கு, 450 மில்லிகிராம் விஷயத்தில் முழுக்க உங்கள் பக்கம். எங்கள் கூடத்தில் இப்போது ஏறி இறங்கும் முறையையும் சேர்த்தே வைக்கிறோம், குளுக்கோஸால் வந்த விளைவா வெறும் அடர்த்தியால் வந்த விளைவா என்று பிரிக்க செல்லுக்குள் போகாத மானிட்டால் போட்ட தட்டு ஒன்றும் பக்கத்தில் இருக்கும்.

ஆனால் பெரிசைட் தொடக்கமா என்பதில் கொஞ்சம் இழுபறி செய்ய விடுங்கள். 2002-ல் பெட்ஷோல்ட்ஸ் குழு, எண்டோதீலியல் செல்லில் மட்டும் பிடிஜிஎஃப்-பி இல்லாத எலிகளை உருவாக்கியது. ஒவ்வொரு எலிக்கும் பெரிசைட் குறைவு ஒவ்வொரு அளவில் இருந்தது. பாதிக்குக் கீழே போன எலிகள் எல்லாவற்றிலும் பெருக்க நிலை ரெட்டினோபதி வந்தது. அந்த எலிகளுக்குச் சர்க்கரை நோயே இல்லை! சர்க்கரை இல்லாமலே, நரம்பில் கை வைக்காமலே, எண்டோதீலியல் செல் அனுப்ப வேண்டிய ஒரு செய்தியை நிறுத்தினது மட்டும்தான் மாற்றம். குட்டிப் பருவத்திலிருந்தே குறைவு என்பதால் நீங்கள் சொன்ன கொரிய முடிவோடு இது மோதவில்லை. வளரும் குழாய்க்கும் வளர்ந்து முடிந்த குழாய்க்கும் பெரிசைட்டின் தேவை வேறு வேறு என்றுதான் இரண்டையும் சேர்த்து நான் படிக்கிறேன்.

குறைமாதக் குழந்தைகளின் கண்ணிலும் இதே கதைதான். பெஞ்சமின், ஹெமோ, கெஷெட் மூவரும் 1998-ல் காட்டியது: புதிதாக ஓடிய குழாய்க்கும் அதன் மேல் பெரிசைட் வந்து படிவதற்கும் நடுவே ஒரு இடைவெளிக் காலம் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஆக்சிஜன் அதிகமாகி விஇஜிஎஃப் குறைந்தால் பெரிசைட் போர்த்தாத குழாய் உதிர்ந்துவிடும், போர்த்திய குழாய் நிற்கும். இன்குபேட்டரில் ஆக்சிஜனை அளந்து கொடுப்பது எதற்கு என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் நான் படித்ததில்லை.

ஆன்ஜியோபொயட்டின்-2 பற்றிச் சொல்ல விட்டுப்போனது. எண்டோதீலியல் செல் நெருக்கடியில் அதைச் சேமிப்பிலிருந்து வெளியே விடும். அது அதே டை-2 ஏற்பியில் உட்கார்ந்து, ஆன்ஜியோபொயட்டின்-1 இன் இடத்தைப் பிடித்துக்கொண்டு, அமைதிச் செய்தி போகாமல் தடுக்கிறது. மான்ஹைமில் ஹாமெஸ் குழு 2004-ல் சாதாரண எலியின் கண்ணுக்குள் அதை ஊசியில் போட்டபோது பெரிசைட்கள் குறைந்தன. சர்க்கரை நோய் வந்தாலும் ஆன்ஜியோபொயட்டின்-2 மரபணு ஒரு பிரதி மட்டுமே உள்ள எலிகளில் பெரிசைட் இழப்பு கட்டுப்பட்டிருந்தது. ஆக, கேடு ஒரு திசையில் மட்டும் ஓடவில்லை. பெரிசைட் போனால் எண்டோதீலியல் செல் நிலை குலைகிறது, நிலை குலைந்த எண்டோதீலியல் செல் மீதிப் பெரிசைட்டையும் விரட்டுகிறது. நரம்பும் முல்லர் செல்லும் இந்தச் சுழலை முடுக்கிவிடுகின்றன என்றால் எனக்கும் சம்மதம். ஆனால் சுழல் சுற்றுகிற இடம் இந்த இரண்டு செல்லுக்கும் நடுவில்தான் என்று நினைக்கிறேன்.

பொருநைக்கரை எழுதியது:

இவ்வளவு பொறுமையாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. காது கேட்காத பெரிசைட் என்ற ஒரே வரியில் எனக்குப் பாதி விளங்கிவிட்டது, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏற்பியைப் பற்றி நடத்தும்போது கண்டிப்பாகச் சொல்வேன்.

இரண்டு சந்தேகம் பாக்கி. ஆன்ஜியோபொயட்டின்-2 தான் வில்லன் என்றால் அதைத் தடுக்கிற மருந்து வந்துவிட்டதா? இரண்டாவது, கொஞ்சம் பயத்தோடு கேட்கிறேன். அம்மாவுக்குச் சுகரைக் குறைத்தது சில மாதங்களுக்குள்தான், மளமளவென்று இறங்கியது. அவ்வளவு வேகமாகக் குறைத்ததால்தான் கண் மோசமானது என்று சொந்தக்காரர் ஒருவர் சொல்கிறார். மருந்தைக் குறைக்கலாமா என்று அம்மாவே கேட்கிறார்.

விழித்திரை_அறை எழுதியது:

மருந்தைக் குறைக்காதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சொந்தக்காரர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. சர்க்கரை வேகமாக இறங்கும்போது முதல் ஒரு வருஷத்துக்குள் ரெட்டினோபதி சிலருக்குக் கொஞ்சம் கூடும், பஞ்சுத் திட்டு மாதிரிப் புள்ளிகள் தெரியும். ரொம்ப நாள் உயரத்திலேயே இருந்து, ஏற்கெனவே கண்ணில் பாதிப்பும் இருப்பவர்களுக்கு அந்த வாய்ப்பு அதிகம். அமெரிக்காவில் 1993-ல் முடிவு வெளியான டிசிசிடி ஆய்விலேயே இது பதிவாகியிருக்கிறது. ஆனால் அதே ஆய்வை முழுக்கப் பாருங்கள். தொடக்கத்தில் கண்ணில் எதுவும் இல்லாதவர்களில், சர்க்கரையை இறுக்கிப் பிடித்த பக்கத்தில் ரெட்டினோபதி வருவது 76 சதவீதம் குறைந்தது. ஆரம்பத்தில் கொஞ்சம் கூடியவர்களுக்கும் நாள்பட அந்தப் பக்கமே நல்லதாக இருந்தது. ஆய்வு முடிந்த பிறகு இரண்டு பக்கத்தாரின் எச்பிஏ1சியும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டது, ஆனாலும் முன்பு இறுக்கமாக இருந்தவர்களின் கண் பல வருஷம் மேலாகவே இருந்தது. கெட்ட காலத்தைச் செல் ஞாபகம் வைப்பது போலவே நல்ல காலத்தையும் வைக்கிறது. அது முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த ஆய்வு, உங்கள் அம்மாவுக்கு அநேகமாக இரண்டாம் வகையாக இருக்கும், ஆனால் திசை மாறாது. வேகமாக இறக்கும் காலத்தில் கண்ணை அடிக்கடி பார்க்க வேண்டும் என்பதுதான் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது. அடுத்த பரிசோதனையைத் தள்ளிப் போடாமல் எப்போது வரச் சொன்னார்களோ அன்றைக்கே போங்கள், சர்க்கரை டாக்டரிடமும் கண் அறிக்கையைக் காட்டுங்கள்.

மருந்துக் கேள்விக்கு வருகிறேன். ஃபாரிசிமாப் என்ற ஒரே மூலக்கூறு ஒரு கையால் விஇஜிஎஃப்பையும் மறு கையால் ஆன்ஜியோபொயட்டின்-2 ஐயும் பிடிக்கிறது. அமெரிக்காவில் 2022 ஜனவரியில் மாக்குலா வீக்கத்துக்கும் ஈர வகை மாக்குலா நோய்க்கும் அனுமதி கிடைத்தது. யோசெமிட்டி, ரைன் என்ற இரண்டு சோதனைகளில், எட்டு வாரத்துக்கு ஒரு தரம் போட்ட அஃப்லிபர்செப்ட் தந்த அதே பார்வை முன்னேற்றத்தை இது தந்தது, நிறையப் பேருக்கு இடைவெளியைப் பதினாறு வாரம் வரை நீட்ட முடிந்தது. ஊசி எண்ணிக்கை குறைவது குடும்பத்துக்குப் பெரிய ஆறுதல். ஆனால் பார்வை அஃப்லிபர்செப்ட்டைவிடக் கூடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதற்கு முன் நெஸ்வாக்குமாப் என்ற, ஆன்ஜியோபொயட்டின்-2 ஐ மட்டும் பிடிக்கும் மருந்தை அஃப்லிபர்செப்ட்டோடு கலந்து பார்த்ததில் தனியாகப் பயன் தெரியவில்லை. ஆகவே பெரிசைட் கதைக்கு இதுவே கடைசி நிரூபணம் என்று நான் கையெழுத்துப் போட மாட்டேன். உங்கள் அம்மாவுக்கு மாக்குலா வீக்கம் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை, அது இல்லாதவரை இந்தப் பேச்சு அவருக்குத் தேவையும் இல்லை.

ரத்த அழுத்தத்தைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. பெரிசைட் இல்லாத சுவரில் அழுத்தம் ஏறினால் என்ன ஆகும் என்று மேலே படித்ததை வைத்தே நீங்கள் சொல்லிவிடுவீர்கள். பிரிட்டனின் யுகேபிடிஎஸ் ஆய்வில், இரண்டாம் வகைச் சர்க்கரையோடு அழுத்தமும் உள்ளவர்களில், சராசரி 144/82-க்குக் கட்டுப்படுத்தியவர்களுக்கு 154/87-இல் இருந்தவர்களைவிட ரெட்டினோபதி மோசமாவது 34 சதவீதம் குறைந்தது. பத்து புள்ளி வித்தியாசம்தான். அப்புறம் ஃபீனோஃபைப்ரேட் என்ற கொழுப்பு மாத்திரை. ஸ்காட்லாந்தில் நடந்து 2024-ல் வெளியான லென்ஸ் ஆய்வில், ஆரம்ப நிலை ரெட்டினோபதி உள்ளவர்களுக்கு அது நோய் முற்றுவதை 27 சதவீதம் குறைத்தது. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் அதை எடுக்கக் கூடாது, கிரியாட்டினினைச் சோதித்துவிட்டு உங்கள் டாக்டரே முடிவு சொல்லட்டும்.

அடுத்த தடவை போகும்போது விழித்திரைப் புகைப்படமும், அதன் அடுக்குகளைக் குறுக்கே காட்டுகிற ஓசிடி படமும் எடுத்து ஒரு பிரதி கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வேறு டாக்டரிடம் போனாலும் ஒப்பிட உதவும். நடுவில் ஒரு கண்ணில் மட்டும் திடீரென்று கருப்புத் துகள்கள் மழையாக இறங்கினாலோ, கதவு நிலை வளைந்து தெரிந்தாலோ தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே கூட்டிப் போங்கள்.